இசட்.டி.இ.யும் பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸும்: ஒரு சோதனை இயங்குதளத்துக்குத் தரப்பட்ட உறுதி

முன்னுரை

2013 ஜூலை 2 அன்று ஸ்பெயின் நாட்டில் 'இசட்.டி.இ. ஓப்பன்' என்னும் திறன்பேசி விற்பனைக்கு வந்தது. விலை 69 யூரோ. முன்கட்டணச் சேவை வாடிக்கையாளருக்கு அதற்குள்ளேயே 30 யூரோ பேச்சுத்தொகையும் கிடைத்தது. தோற்றத்தில் அது அன்றைய பிற மலிவுத் திறன்பேசிகளைப் போலவே இருந்தது. வேறுபாடு உள்ளே இருந்தது. ஆண்ட்ராய்டிலோ ஐஓஎஸ்ஸிலோ அல்லாமல், பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லாவின் 'பயர்பாக்ஸ் ஓஎஸ்' என்னும் புதிய இயங்குதளத்தில் அது இயங்கியது. தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் வழியாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் பயர்பாக்ஸ் ஓஎஸ் கருவி அதுவே.

அதைத் தயாரித்த இசட்.டி.இ., சீனாவின் ஷென்சென் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1985-இல் தொடங்கப்பட்ட தொலைத்தொடர்பு நிறுவனம். 2013 பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த உலக மொபைல் மாநாட்டில் அந்நிறுவனம் இப்புதிய இயங்குதளத்தின் பின்னால் வெளிப்படையாக நின்றது. இரண்டரை ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாகப் பயர்பாக்ஸ் ஓஎஸ் திறன்பேசிகளை விற்பதை நிறுத்துவதாக 2015 டிசம்பர் 8 அன்று மொசில்லா அறிவித்தது.

கூகுளையும் ஆப்பிளையும் எதிர்த்து மொசில்லா தோற்ற கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இக்கட்டுரை வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஒரு செய்பேசி நிறுவனம் சோதனை நிலையிலுள்ள இயங்குதளத்துக்கு உறுதி தருகிறது என்றால், அந்த உறுதி யாருக்குத் தரப்படுகிறது? இசட்.டி.இ.யின் உறுதி இயங்குதளத்தை உருவாக்கியவருக்கும் அதை விற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் தரப்பட்டது. கருவியைக் காசு கொடுத்து வாங்கியவர் அந்த உடன்பாட்டில் இல்லை. சோதனையின் செலவு மட்டும் அவர் தலையில் விழுந்தது. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் அமைப்பு

2011 ஜூலையில் 'பூட் டு கெக்கோ' என்ற பெயரில் மொசில்லா இத்திட்டத்தைத் தொடங்கியது. உலாவியே இயங்குதளம் என்பது இதன் அடிப்படை எண்ணம். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இணைய நுட்பங்களைக் கொண்டே எல்லாச் செயலிகளும் எழுதப்படும். தொலைபேசி எண்களை அழுத்தும் திரையும் ஓர் இணையப்பக்கம். நாட்காட்டியும் ஓர் இணையப்பக்கம்.

இவ்வியங்குதளம் மூன்று அடுக்குகளைக் கொண்டது.

• கையா: பயனர் கண்ணால் காணும் இடைமுகமும் அடிப்படைச் செயலிகளும்.
• கெக்கோ: பயர்பாக்ஸ் உலாவியின் உள்ளே உள்ள அதே இயந்திரம். இணையப்பக்கத்தைப் படித்துத் திரையில் வரைவது இதன் வேலை.
• காங்க்: லினக்ஸ் கருவகமும் வன்பொருளை இயக்கும் மென்பொருள்களும் அடங்கிய அடித்தளம்.

இம்மூன்றாவது அடுக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மொசில்லா இதைப் புதிதாக எழுதவில்லை. ஆண்ட்ராய்டுக்காகச் சில்லுத் தயாரிப்பாளர்கள் எழுதிய வன்பொருள் இயக்கிகளையே பயன்படுத்திக்கொண்டது. எனவே ஆண்ட்ராய்டுக்கெனத் திட்டமிட்ட ஒரு கருவியில் பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸை ஏற்றுவது எளிதாயிற்று. இந்த எளிமை ஒரு பொறியியல் வெற்றி. ஆனால், பின்னர் காணப்போவது போல, தயாரிப்பாளரின் உறுதி இவ்வளவு மலிவாக அமைந்ததற்கும் இதுவே காரணம்.

இசட்.டி.இ. முன்வந்ததன் காரணங்கள்

மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, கூகுளைச் சார்ந்திருப்பது பற்றிய அச்சம். ஆண்ட்ராய்டின் மூல நிரல் திறந்திருந்தாலும், செயலிச் சந்தை, நிலப்படம் முதலிய கூகுள் சேவைகளைப் பெறத் தயாரிப்பாளர்கள் கூகுளின் விதிகளுக்கு உட்பட வேண்டும். 2012 செப்டம்பரில் தைவானின் ஏசர் நிறுவனம் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தில் ஒரு திறன்பேசியை வெளியிட முனைந்தது. கூகுளின் எதிர்ப்பால் வெளியீட்டு நிகழ்ச்சியே கைவிடப்பட்டது. ஆண்ட்ராய்டை நம்பிப் பிழைத்த ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் அது ஓர் எச்சரிக்கையாக இருந்தது.

இரண்டாவது, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் விருப்பம். ஸ்பெயினின் டெலிஃபோனிக்கா 2012 தொடக்கத்திலேயே மொசில்லாவுடன் கைகோத்தது. 2013 பார்சிலோனா மாநாட்டில் 18 தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஆதரவு தருவதாக அறிவிக்கப்பட்டது. இந்நிறுவனங்களுக்கு வலைப்பின்னல் கருவிகளையும் மலிவுச் செய்பேசிகளையும் விற்பதே இசட்.டி.இ.யின் தொழில். வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கேட்கும்போது தயாரித்துக் கொடுப்பது அதன் வழக்கம்.

மூன்றாவது, செலவுக் குறைவு. காங்க் அடுக்கின் அமைப்பால், ஆண்ட்ராய்டு கருவிக்கென வாங்கிய சில்லும் திரையும் இதற்கும் பயன்பட்டன. இசட்.டி.இ. தன் ஆண்ட்ராய்டு வரிசையை நிறுத்தவில்லை. அதன் பெரும்பகுதி விற்பனை ஆண்ட்ராய்டிலேயே தொடர்ந்தது. பயர்பாக்ஸ் ஓஎஸ் தோற்றால் நிறுவனம் இழக்கப்போவது ஒன்றிரண்டு மாதிரிகளை மட்டுமே.

இவற்றில் தவறு எதுவும் இல்லை. ஒரு வணிக நிறுவனம் எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும், எளிதில் விட்டு விலகக்கூடிய நிலையில் இருப்பவர் தரும் உறுதியின் எடை என்ன என்பதை நாம் கேட்டே ஆக வேண்டும். நிறுவனத்துக்கு இது பல மாதிரிகளில் ஒன்று. வாங்கியவருக்கோ அது ஒன்றே ஒன்று.

ஓப்பன் திறன்பேசி: ஒரு மதிப்பீடு

ஓப்பனில் 3.5 அங்குலத் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைக் கருச் செயலகம், 256 மெகாபைட் நினைவகம், 512 மெகாபைட் சேமிப்பகம் ஆகியவை இருந்தன. 2013-ஆம் ஆண்டின் அளவுகோலிலும் இவை கடைநிலை வன்பொருள்களே.

இங்கே ஒரு பொருத்தமின்மை தெரிகிறது. இணையப்பக்கமாக எழுதப்பட்ட செயலி, கருவிக்கென்றே நேரடியாக எழுதப்பட்ட செயலியைவிடப் பொதுவாக அதிக நினைவகத்தைக் கேட்கும். உலாவி இயந்திரம் நிரலைப் படித்து, பொருள்கொண்டு, பிறகே இயக்க வேண்டும். ஆக, அதிக வலிமை தேவைப்படும் ஒரு வடிவமைப்பு, மிகக் குறைந்த வலிமையுள்ள வன்பொருளில் அறிமுகமாயிற்று. நினைவகம் நிரம்பியதும் பின்னணியில் இருந்த செயலிகளை இயங்குதளம் தானே மூடிவிடும். பாட்டுக் கேட்டுக்கொண்டே இணையத்தைப் பார்ப்பது போன்ற சாதாரண வேலைக்கும் கருவி திணறியது.

முதல் பதிப்பில் சில அடிப்படை வசதிகளும் இல்லை. படத்தோடு கூடிய பல்லூடகக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி 1.1 பதிப்பில்தான் வந்தது. உரையைப் படியெடுத்து ஒட்டும் வசதியும் தொடக்கத்தில் கிடையாது. இவற்றைவிடப் பெரிய குறை வாட்ஸ்அப். ஸ்பெயினிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் அப்போதே மக்கள் வாட்ஸ்அப் வழியாகவே பேசிக்கொண்டிருந்தனர். அதன் அதிகாரபூர்வச் செயலி பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸுக்கு ஒருபோதும் வரவில்லை. பிறர் எழுதிய மாற்றுச் செயலிகளை நம்பிப் பயனர்கள் காலம் தள்ளினர்.

மொசில்லாவின் வாதம் கேட்க நன்றாகவே இருந்தது. இணையம் அனைவருக்கும் பொதுவானது. இணையத்துக்கு எழுதியவர் எல்லாத் திறன்பேசிகளுக்கும் எழுதியவர் ஆகிறார். எனவே செயலிகளுக்குப் பஞ்சம் வராது என்பது அந்த வாதம். நடைமுறை வேறாக இருந்தது. குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு போன்றவற்றைத் தொடும் உயர்நிலை அனுமதி, கருவியில் முன்கூட்டியே நிறுவப்படும் செயலிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வெளியிலிருந்து எழுதும் நிரலாளர் அந்தக் கதவைத் தட்ட முடியாது. மறுபுறம், பெரிய நிறுவனங்கள் பயனர் எண்ணிக்கை கூடட்டும் எனக் காத்திருந்தன. பயனர்கள் செயலி வரட்டும் எனக் காத்திருந்தனர். இந்த முடிச்சைத் தயாரிப்பாளர் தனியாக அவிழ்க்க இயலாது என்பது உண்மையே. ஆனால் முடிச்சு அவிழாத நிலையிலேயே கருவி கடைக்கு வந்துவிட்டது.

மேம்படுத்தல் என்னும் உரைகல்

சோதனை நிலையிலுள்ள ஒன்றை விற்பதே தவறு என்று இக்கட்டுரை கூறவில்லை. முதல் பதிப்பில் குறைகள் இருப்பது இயல்பு. முதல் ஐபோனிலும் படியெடுத்து ஒட்டும் வசதி இல்லை. 2009-இல் வந்த மென்பொருள் மேம்படுத்தலில், அதே பழைய கருவிக்கும் அது கிடைத்தது. குறையுள்ள பொருளை வாங்கியவருக்கு அக்குறை தீரும் என்ற நம்பிக்கை இருந்தால் அது நேர்மையான வணிகம். ஆகவே, சோதனை இயங்குதளத்துக்குத் தரப்பட்ட உறுதியை உரைத்துப் பார்க்க வேண்டிய இடம் வெளியீட்டு மேடை அன்று, மேம்படுத்தல்.

பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸில் மேம்படுத்தல் எப்படிப் பயனரை அடைந்தது என்பதைப் பார்ப்போம். மொசில்லா கெக்கோ, கையா அடுக்குகளின் புதிய பதிப்பை எழுதும். சில்லுத் தயாரிப்பாளர் அதற்கேற்ற இயக்கிகளைத் தர வேண்டும். செய்பேசித் தயாரிப்பாளர் இவற்றை ஒன்றுசேர்த்துத் தன் கருவிக்கான தொகுப்பை உருவாக்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனம் அதைச் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். இந்நான்கு கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் பயனருக்கு எதுவும் வந்து சேராது. மூன்றாவது கண்ணி, அதாவது இசட்.டி.இ., மிக முக்கியமானது. ஏனெனில் வன்பொருள் இயக்கிகள் தனியுரிமம் கொண்டவை. அவை இல்லாமல் தன்னார்வ நிரலாளர்கள் தாமாக ஒரு முழுத் தொகுப்பை உருவாக்க இயலாது.

1.0 பதிப்பு கெக்கோ 18-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதே இயந்திரம் கொண்ட மேசைக்கணினி உலாவியான பயர்பாக்ஸ் 18 வெளிவந்தது 2013 ஜனவரியில். ஓப்பன் கடைக்கு வந்த ஜூலையில் மேசைக்கணினிப் பயனர்கள் பயர்பாக்ஸ் 22-க்கு வந்துவிட்டனர். அதாவது, திறன்பேசி பிறக்கும்போதே அதன் இயந்திரம் நான்கு பதிப்புகள் பின்தங்கியிருந்தது. பழைய கிளைக்கும் மொசில்லா பாதுகாப்புத் திருத்தங்களை எழுதியது. அவற்றைக் கருவிக்குக் கொண்டுசேர்ப்பது மேலே சொன்ன சங்கிலியின் பொறுப்பு.

இசட்.டி.இ. ஓப்பனை ஈபே வழியாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கூட விற்றது. அப்படி வாங்கியவர்களுக்கு மேம்படுத்தல் என்பது, கோப்பைத் தாமே பதிவிறக்கி, நினைவக அட்டையில் ஏற்றி, கருவியில் நிறுவிக்கொள்ளும் வேலையாக இருந்தது. நிரலாளர்களுக்கு இது பழகிய ஒன்று. திறன்பேசியை முதன்முதலாக வாங்கும் ஒருவருக்கு இது கைக்கு எட்டாத வேலை. பின்னர் வந்த 2.0 முதலான பதிப்புகள் ஓப்பனுக்கு அதிகாரபூர்வமாக வரவேயில்லை. அதற்குப் பதிலாக 2014-இல் 'ஓப்பன் சி' என்னும் புதிய மாதிரி வந்தது. 4 அங்குலத் திரை, இரட்டைக் கருச் செயலகம், 512 மெகாபைட் நினைவகம் என்று முதல் மாதிரியின் குறைகளை அது வன்பொருளால் தீர்த்தது. நிறுவனம் தன் பிழையிலிருந்து கற்றுக்கொண்டது என்பதற்கு இது சான்று. அந்தக் கல்விக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் முதல் மாதிரியை வாங்கியவர்கள் என்பதற்கும் இதுவே சான்று.

இந்தியாவில் நடந்தது

இதே வடிவம் ஓராண்டு கழித்து இந்தியாவில், இன்னும் மலிவான விலையில், மீண்டும் நிகழ்ந்தது. 25 டாலர் விலையில் திறன்பேசி என்ற இலக்கை மொசில்லா 2014 பிப்ரவரியில் அறிவித்தது. ஸ்பிரெட்டிரம் நிறுவனத்தின் சில்லு அதற்கு அடிப்படை. 2014 ஆகஸ்ட் இறுதியில் இன்டெக்ஸ் நிறுவனம் 'கிளவுட் எஃப்எக்ஸ்' திறன்பேசியை 1,999 ரூபாய்க்கு வெளியிட்டது. தொடர்ந்து ஸ்பைஸ் நிறுவனம் 'ஃபயர் ஒன்' திறன்பேசியை 2,299 ரூபாய்க்கு வெளியிட்டது.

கிளவுட் எஃப்எக்ஸின் நினைவகம் 128 மெகாபைட். ஓப்பனில் இருந்ததில் பாதி. அதற்குள் பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸை அடக்க மொசில்லாவின் பொறியாளர்கள் தனிப்பதிப்பே உருவாக்கினர். வலைப்பின்னல் இணைப்போ இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. இணையமே இயங்குதளம் என்று சொல்லப்பட்ட ஒரு கருவி, இணையம் மிக மெதுவாக வரும் இணைப்போடு விற்கப்பட்டது.

ஸ்பைஸ் நிறுவனத்தின் நிலை இன்னொன்றையும் காட்டுகிறது. ஃபயர் ஒன் வெளிவந்த சில வாரங்களில், 2014 செப்டம்பர் 15 அன்று, கூகுளின் 'ஆண்ட்ராய்டு ஒன்' திட்டம் இந்தியாவில் தொடங்கியது. அதில் பங்கேற்ற மூன்று இந்திய நிறுவனங்களுள் ஸ்பைஸும் ஒன்று. ஒரு கையில் மொசில்லா, மறு கையில் கூகுள். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் நிறுவனம் நனையாது.

தமிழ் வாசகர்கள் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்விரு கருவிகளிலும் தமிழ் இடைமுகம் இருந்தது. இரண்டாயிரம் ரூபாய்த் திறன்பேசியில் பட்டியல்களும் அமைப்புகளும் தமிழில் கிடைப்பது 2014-இல் சிறிய செய்தி அன்று. மொசில்லாவின் மொழியாக்கப் பணிகள் பெருமளவு தன்னார்வலர்களின் உழைப்பால் நடப்பவை. ஊதியமின்றிச் சொல் சொல்லாக மொழிபெயர்த்தவர்களும் இந்தச் சோதனையில் முதலீடு செய்தவர்களே. கருவி கைவிடப்பட்டபோது அவர்கள் உழைப்பு வாழ்வதற்கான இடமும் போயிற்று. நிறுவனங்களின் இழப்பு கணக்குப் புத்தகத்தில் எழுதப்படும். இந்த இழப்பு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

இசட்.டி.இ.யின் பக்க நியாயம்

விமர்சனம் ஒருபக்கமாக இருத்தலாகாது. இசட்.டி.இ.யின் பக்கமும் சில நியாயங்கள் உள்ளன.

முதலாவதாக, மேடையில் ஆதரவு தெரிவித்த பலரைவிட இசட்.டி.இ. அதிகம் செய்தது. சோனி நிறுவனமும் 2013-இல் டெலிஃபோனிக்காவுடன் சேர்ந்து இத்துறையில் இறங்குவதாகக் கூறியது. ஆனால் ஒரு பயர்பாக்ஸ் ஓஎஸ் திறன்பேசியையும் அது சந்தைக்குக் கொண்டுவரவில்லை. இசட்.டி.இ. உண்மையிலேயே கருவியைச் செய்து, விற்று, அடுத்த மாதிரியையும் செய்தது.

இரண்டாவதாக, மொசில்லாவே திசை மாறியது. 2015 மே மாதத்தில் அதன் தலைமைச் செயல் அலுவலர் கிறிஸ் பியர்ட், 25 டாலர் திறன்பேசி உத்தியைக் கைவிட்டு, விலையைவிட அனுபவத்தை முன்னிறுத்தும் புதிய வழிக்கு மாறுவதாக ஊழியர்களுக்கு அறிவித்தார். இயங்குதளத்தின் உரிமையாளரே பாதை மாறும்போது தயாரிப்பாளர் மட்டும் பழைய பாதையில் நடக்க முடியாது.

மூன்றாவதாக, காலம் எதிராக நின்றது. பயர்பாக்ஸ் ஓஎஸ் தொடங்கியபோது நல்ல ஆண்ட்ராய்டு கருவிக்கும் மலிவுக் கருவிக்கும் இடையே பெரிய விலை இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியே மொசில்லா குறிவைத்த இடம். ஆண்ட்ராய்டு கருவிகளின் விலை இறங்க இறங்க அந்த இடம் சுருங்கிவிட்டது.

இந்நியாயங்கள் திட்டம் ஏன் தோற்றது என்பதை விளக்குகின்றன. தோற்றபின் வாங்கியவரை ஏன் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

ஓர் ஒப்பீடு: நோக்கியாவின் என்9

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நோக்கியாவின் வரலாறு உதவும். நோக்கியா 2010-இல் இன்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து மீகோ என்னும் இயங்குதளத்தை அறிவித்தது. 2011 பிப்ரவரி 11 அன்று தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீபன் ஈலாப், நிறுவனம் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்துக்கு மாறுவதாக அறிவித்தார். அதன்பிறகு, அதே ஆண்டு ஜூனில், மீகோ வழிவந்த என்9 திறன்பேசி அறிமுகமானது. அது வெற்றி பெற்றாலும் மீகோவுக்குத் திரும்பப்போவதில்லை என்று ஈலாப் வெளிப்படையாகச் சொன்னார். பிறக்கும் முன்பே கைவிடப்பட்ட கருவி அது.

ஆயினும் என்9-ஐ வாங்கியவர்களுக்கு 2011 இறுதி முதல் 2012 ஜூலைக்குள் மூன்று பெரிய மேம்படுத்தல்கள் வந்தன. எதிர்காலம் இல்லை என்று சொல்லிவிட்டே விற்றார்கள். விற்றதற்கான கடமையை ஓரளவேனும் செய்தார்கள். இயங்குதளத்துக்கு உறுதி தர மறுத்த நிறுவனம், வாங்கியவருக்கு அதைவிடப் பயனுள்ள ஒன்றைத் தந்தது. இயங்குதளத்துக்குத் தரும் உறுதியும் பயனருக்குத் தரும் உறுதியும் ஒன்றல்ல என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

ஒரு துணைச்செய்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். நோக்கியாவில் மீமோ, மீகோ பணிகளை வழிநடத்திய ஆரி யாக்சி, பின்னர் எச்.பி. நிறுவனத்தின் வெப்ஓஎஸ் பணிக்குச் சென்றார். 2015 டிசம்பரில் மொசில்லா சார்பில் பயர்பாக்ஸ் ஓஎஸ் திறன்பேசிகளின் முடிவை அறிவித்தவரும் அவரே. ஒரே மனிதரின் பணிவாழ்வுக்குள் மூன்று மாற்று இயங்குதளங்கள் திறன்பேசிச் சந்தையில் எழுந்து அடங்கின. இத்தகைய சோதனைகள் தோற்பது விதிவிலக்கன்று. அது தெரிந்தே இறங்கும் தயாரிப்பாளர், தோல்விக்குப் பிந்தைய கடமையையும் முன்கூட்டியே திட்டமிட்டிருக்க வேண்டும்.

பின்விளைவு

பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் மூல நிரல் திறந்திருந்ததால் அது முற்றிலும் அழியவில்லை. அதிலிருந்து கிளைத்த கைஓஎஸ், விசைப்பலகை கொண்ட எளிய செய்பேசிகளுக்கான இயங்குதளமாக வளர்ந்தது. 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஜியோபோன் அதில்தான் இயங்கியது. 1,500 ரூபாய் திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகைக்கு நான்காம் தலைமுறை இணைப்புள்ள செய்பேசி இந்தியச் சிற்றூர்களைச் சென்றடைந்தது. 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் அதற்கு வந்தது. அதே ஆண்டு கூகுள் 2 கோடியே 20 இலட்சம் டாலரை கைஓஎஸ் நிறுவனத்தில் முதலீடு செய்தது. கூகுளின் பிடியிலிருந்து விடுபட எழுதப்பட்ட நிரல் கூகுளின் பணத்தில் உயிர்வாழ்ந்தது.

இந்த வெற்றியையும் எச்சரிக்கையோடு காண வேண்டும். 2024 ஜூனுக்குப் பின் கைஓஎஸ் கருவிகளில் வாட்ஸ்அப்பைப் புதிதாக நிறுவ முடியாமற்போனது. கருவி பழுதாகவில்லை, அதை வாங்கத் தூண்டிய காரணம் பறிபோயிற்று. ஓப்பனை வாங்கிய ஸ்பெயின் நாட்டவருக்கு நேர்ந்தது, பெயர் மாறி, ஊர் மாறி, மீண்டும் நிகழ்ந்தது.

மாணவர்களுக்கான சில அளவுகோல்கள்

புதிய இயங்குதளம் ஒன்றுக்கு ஒரு நிறுவனம் ஆதரவு அறிவிக்கும்போது பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. பாதுகாப்பு மேம்படுத்தல் எத்தனை ஆண்டுகள் வரும் என்று விற்பனைக்கு முன்பே எழுத்தில் சொல்லப்பட்டுள்ளதா?
2. மேம்படுத்தலைப் பயனரிடம் சேர்க்கும் பொறுப்பு யாருடையது? அச்சங்கிலியில் எத்தனை கண்ணிகள்?
3. அன்றாடம் தவிர்க்க முடியாத செயலிகள் இன்றே கிடைக்கின்றனவா, அல்லது வரும் என்ற வாக்குறுதி மட்டுமா?
4. திட்டம் கைவிடப்பட்டால், துவக்கப் பூட்டைத் திறந்து, வேறு மென்பொருளை நிறுவப் பயனருக்கு வழி உண்டா?
5. நிறுவனம் இத்திட்டத்தில் எதை இழக்கக்கூடும்? அது பயனர் இழப்பதோடு ஒப்பிடத்தக்கதா?

ஓப்பன் திறன்பேசியை இக்கேள்விகளால் அளந்தால் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் அது தெளிவாகத் தவறுகிறது. இரண்டாவதில் பொறுப்பு நால்வரிடையே சிதறிக் கரைகிறது.

முடிவுரை

இரு நிறுவனங்களின் பிடியில் உலகின் திறன்பேசிகள் அனைத்தும் அடங்கிவிடக் கூடாது என்ற மொசில்லாவின் எண்ணம் சரியானது, இன்றும் சரியானது. அதற்குத் துணைநின்ற இசட்.டி.இ.யின் முயற்சியும் மதிக்கத்தக்கது. குறை வேறிடத்தில் உள்ளது. சோதனை முயற்சியைத் தாங்கும் வசதி படைத்தவரிடம் அதை முதலில் விற்காமல், 69 யூரோவையும் 1,999 ரூபாயையும் எண்ணிப் பார்த்துச் செலவிடுபவரிடம் விற்றார்கள். இரண்டாவது திறன்பேசி வாங்க வழியில்லாதவர் கையில் பாதி முடிந்த பொருளைக் கொடுத்தார்கள். அதை முடித்துத் தரும் கடமையை யாரும் தம் பெயரில் எழுதிக்கொள்ளவில்லை.

புதிய இயங்குதளங்கள் இனியும் வரும், வர வேண்டும். அவற்றுக்கு உறுதி தரும் நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியது, எத்தனை மாதிரிகள் வெளியிடுவீர்கள் என்பதை அன்று. கடைசி மாதிரியை விற்றபின் எத்தனை ஆண்டுகள் எங்களோடு இருப்பீர்கள் என்பதையே கேட்க வேண்டும்.